ஸ்க்ரூ எல்லாம் எடத்துல தான் இருக்கு, வலி மட்டும் ஏன் போகல?

போன இதழ்ல முதுகெலும்பு ஆபரேஷன் பத்தி ஒரே ஒரு கேள்விக்கு பதில் எழுதினேன், அதுக்கப்புறம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல 20லேர்ந்து 30 வயசுக்குள்ள இருக்கறவங்க எழுதினது, எல்லாரும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் வேற வேற வார்த்தையில கேட்டிருக்காங்க, ஃப்யூஷன், அதாவது முதுகெலும்புல ரெண்டு கணுவை ஒண்ணா ஒட்ட வைக்கற ஆபரேஷன், பண்ணியாச்சு, வலி போகல, இனி என்ன. அதனால இந்த தடவை பக்கம் முழுக்க இதுக்குத்தான்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. 23 வயசுல எனக்கு இடுப்புல கடைசி கணுவுல ஃப்யூஷன் பண்ணாங்க, ஒட்டல. 25ல திறந்து திரும்ப பண்ணாங்க, எலும்பு ஒட்டுச்சு, வலி பாதிதான் போச்சு. இப்ப எனக்கு 41. இத்தனை வருஷத்துல படிச்சது, டாக்டர்களை விடாம கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது, உடம்பால கத்துக்கிட்டது எல்லாம் சேந்ததுதான் என் பதில். உங்க ஸ்கேனைப் பாத்து முடிவு சொல்ற வேலை உங்க டாக்டரோடது.

கேள்வி: எனக்கு 26 வயசு. ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ், அதாவது கணு முன்னாடி நழுவிருக்குன்னு சொல்லி 14 மாசத்துக்கு முன்னாடி எல்5-எஸ்1ல, அதாவது இடுப்போட கடைசி கணுவும் அதுக்குக் கீழ இருக்கற எலும்பும் சேர்ற எடத்துல, ஃப்யூஷன் பண்ணாங்க. முதல் 3 மாசம் நல்லா இருந்துச்சு, அப்புறம் இடுப்பு வலி திரும்ப வந்துருச்சு, படுக்கையில பொரண்டு படுக்கும்போது உள்ள ஏதோ நகர்ற மாதிரி இருக்கு. எக்ஸ்ரே பாத்துட்டு "ஸ்க்ரூ எல்லாம் எடத்துல தான் இருக்கு, ஆபரேஷன் சக்சஸ்"ங்கறாங்க. வேற ஒரு டாக்டர், ரிவிஷன், அதாவது திரும்ப திறந்து ஆபரேஷன், பண்ணிடலாம்ங்கறார். வீட்ல எல்லாம் மனசுதான்ங்கறாங்க. நான் யாரை நம்பறது?

பதில்: முதல்ல உங்க உடம்பு சொல்றதை நம்புங்க, வலிக்குதுன்னா வலிக்குது, அதுல விவாதமே வேணாம். எதனால வலிக்குதுங்கறதுதான் இன்னும் யாருக்கும் தெரியல, அதைத் தெரிஞ்சுக்கற வரைக்கும் அடுத்த ஆபரேஷனுக்கு தேதி குடுக்காதீங்க. இந்த பக்கத்துல நான் சொல்லப் போற முக்கியமான விஷயமே இதுதான்.

"ஸ்க்ரூ எடத்துல இருக்கு"ன்னா "எலும்பு ஒட்டிருச்சு"ன்னு அர்த்தம் கிடையாது. ஸ்க்ரூவும் ராடும் ஒட்ட வைக்காது, எலும்பு வளந்து ரெண்டு கணுவையும் ஒண்ணா இறுக்கற வரைக்கும் அசையாம பிடிச்சு வச்சிருக்கும், அவ்வளவுதான் அதோட வேலை. தளம் போடும்போது அடியில முட்டு குடுத்து நிக்க வைப்பாங்களே, அது மாதிரி. மேல கான்கிரீட் இறுகவே இல்லன்னா முட்டு எத்தனை நாளைக்கு தாங்கும்? நாம நடக்கும்போதும் குனியும்போதும் ராட் கொஞ்சம் கொஞ்சமா வளைஞ்சு நிமிருது, கம்பியை திருப்பித் திருப்பி வளைச்சா ஒரு நாள் ஒடியற மாதிரி, ஒட்டாத முதுகுல ஸ்க்ரூ லூசாகும், இல்லன்னா ராட் உடையும். 1911ல நியூயார்க்ல ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃப்ரெட் ஆல்பின்னு ரெண்டு சர்ஜன்கள் தனித்தனியா இந்த ஆபரேஷனை ஆரம்பிச்சு வச்சப்ப ஸ்க்ரூவே கிடையாது, டிபி வந்து கரைஞ்ச முதுகுக்காக பண்ணாங்க, ஆல்பி நோயாளியோட கால் முன்னெலும்புலேர்ந்து ஒரு துண்டை எடுத்து முதுகுல பதிச்சார், ஒட்டற வேலையை எலும்பேதான் செஞ்சாகணும். இன்னிக்கும் அது மாறல.

அதனால நீங்க கேக்க வேண்டியது ஸ்க்ரூ இருக்கான்னு இல்ல, ஒரு கணுவுலேர்ந்து இன்னொண்ணுக்கு எலும்பு பாலம் மாதிரி தொடர்ந்து போயிருக்கான்னு. அது சாதா எக்ஸ்ரேல நம்பகமா தெரியாது. மெல்லிசான துண்டா எடுக்கற சிடி ஸ்கேன்ல தெரியும், ஸ்க்ரூவைச் சுத்தி கருப்பா ஒரு வளையம் தெரிஞ்சா அது லூசாயிருக்கறதுக்கு ஒரு அடையாளம். குனிஞ்சும் பின்னாடி வளைஞ்சும் எடுக்கற எக்ஸ்ரேவும் உதவும். பொதுவா ஒரு வருஷம் ஆகாம ஒட்டலன்னு முடிவு பண்ண மாட்டாங்க, உங்களுக்கு 14 மாசம் ஆயிருச்சு, அதனால தைரியமா கேக்கலாம். கேக்கறப்போ வைட்டமின் டி, சுகர் ரெண்டையும் பாக்கச் சொல்லுங்க, வைட்டமின் டி கம்மியா இருந்தாலும் சுகர் ஜாஸ்தியா இருந்தாலும் எலும்பு ஒட்டறது தடைபடலாம்.

ஆனா இங்க ஒரு சிக்கல் இருக்கு. எலும்பு ஒட்டாமலே வலி இல்லாம நடமாடறவங்க இருக்காங்க, பாறை மாதிரி ஒட்டிப்போயும் ராத்திரி தூங்க முடியாதவங்களும் இருக்காங்க. ஆபரேஷன் ஃபெயில்னு ஒரே வார்த்தையில சொல்லிடறோம், அதுக்குள்ள ஏகப்பட்ட வேற வேற பிரச்சனை ஒளிஞ்சிருக்கு. எலும்பு ஒட்டாம இருக்கலாம். ஒட்டியும், நரம்பு இன்னும் ஏதோ ஒரு எடத்துல நசுங்கிட்டிருக்கலாம், இல்ல ஸ்க்ரூவே நரம்பை உரசலாம், இல்ல ஆபரேஷனுக்கு முன்னாடியே ரொம்ப நாள் நசுங்கி நரம்பு அடிபட்டுப் போயிருக்கலாம். ஃப்யூஸ் பண்ண கணு அசையாததால அதுக்கு மேல, கணுக்களுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற டிஸ்க்கும், கீழ இடுப்பெலும்பு சேர்ற எஸ்ஐ ஜாயின்ட்டும் அந்த வேலையையும் சேத்து செஞ்சு வலிக்க ஆரம்பிக்கலாம், இந்த எஸ்ஐ ஜாயின்ட்டை நிறைய பேர் தேடறதே இல்ல. காய்ச்சல்கூட வராம மெதுவா உள்ளயே இருக்கற இன்ஃபெக்ஷன் இருக்கலாம். முதுகோட இயல்பான வளைவு தட்டையாகி, நிமிர்ந்து நிக்கவே தசைங்க நாள் முழுக்க போராடிட்டு இருக்கலாம். சிலருக்கு, சொல்லவே கஷ்டமா இருக்கு, ஆரம்பத்துலயே வலிக்குக் காரணம் அந்த கணுவா இல்லாம இருந்திருக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற, ஒண்ணுக்குப் பண்றதை இன்னொண்ணுக்குப் பண்ணா பிரயோஜனமே இல்ல.

இதைக் கண்டுபிடிக்கறதுல உங்க பங்குதான் பெருசு. வலி ஆபரேஷனுக்கு அப்புறம் போகவே இல்லையா, போயிட்டு திரும்ப வந்துச்சா, இல்ல முன்னாடி இல்லாத புது எடத்துல வந்துச்சான்னு தேதியோட எழுதுங்க. உங்களுக்கு 3 மாசம் நல்லா இருந்து திரும்ப வந்திருக்கு, பொரளும்போது நகர்ற மாதிரி இருக்குங்கறீங்க, இது ஒட்டாததுக்கும் பொருந்தும், வேற சிலதுக்கும் பொருந்தும், அதனால இதை வச்சு நீங்களே முடிவு கட்டிடாதீங்க, ஆனா டாக்டர்கிட்ட "வலிக்குது"ன்னு மட்டும் சொல்லாம இதே வார்த்தையில சொல்லுங்க.

ரிவிஷன் சொல்ற டாக்டர்கிட்ட நான் கேட்டிருக்க வேண்டிய, ஆனா 25 வயசுல கேக்கத் தெரியாத கேள்விகளைச் சொல்றேன். இந்த வலி சரியா எந்த எடத்துலேர்ந்து வருதுன்னு நினைக்கிறீங்க, அதை எந்த டெஸ்ட்டை வச்சு சொல்றீங்க? போன தடவைக்கும் இப்பவும் என்ன வித்தியாசமா பண்ணப் போறீங்க? பண்ணலன்னா அடுத்த 2 வருஷத்துல மோசமா ஏதாவது ஆகுமா, இல்ல இப்படியேதான் இருக்குமா? இதுக்கு நிதானமா பதில் சொல்றவர்கிட்ட போங்க, எரிச்சல் படறவர்கிட்ட வேணாம். பொதுவா ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பலன் கிடைக்கற வாய்ப்பு முந்தின தடவையை விட குறைஞ்சுட்டே போகும், ரெண்டாவது தடவை எலும்பு ஒட்டினாலும் வலி போகும்னு உறுதி கிடையாது, அதுக்கு நானே சாட்சி. அதுக்காக நான் ரிவிஷனுக்கு எதிரின்னு நினைச்சுக்காதீங்க, காலோட பலம் குறைஞ்சுட்டே வந்தா, ஸ்க்ரூ நரம்பைக் குத்தினா, இன்ஃபெக்ஷன் இருந்தா தள்ளிப் போடறதுதான் ஆபத்து. என் ரெண்டாவது ஆபரேஷனை நான் தப்புன்னு சொல்லவே மாட்டேன், உடைஞ்ச ராடோட நடந்துட்டிருந்தேன்.

இப்ப மனசு விஷயம். மாசக்கணக்கா வலி இருந்தா நரம்பு மண்டலமே கூர்மையாயிடும், முன்னாடி சாதாரணமா இருந்த தொடுதல், அசைவு எல்லாம் வலியா ஏறும், இது கற்பனை இல்ல, உடம்புல நடக்கற மாற்றம். ஆபரேஷனுக்கு அப்புறமும் போகாத வலிக்கு முன்னாடி மொத்தமா "ஃபெயில்டு பேக் சர்ஜரி சிண்ட்ரோம்"னு பேர், அந்தப் பேரே யாரோ தோத்துப் போன மாதிரி இருக்குன்னு 2021ல வல்லுநர்கள் சிலர் "பெர்சிஸ்டென்ட் ஸ்பைனல் பெயின் சிண்ட்ரோம்"னு மாத்தச் சொன்னாங்க, ஆபரேஷனுக்கு அப்புறமும் இருந்தா டைப் 2. வீட்ல இருக்கறவங்களுக்கு இந்தப் பேரைக் காட்டுங்க. மனசுல இருக்குன்னு சொல்றவங்க பெரும்பாலும் கெட்டவங்க இல்ல, உங்க வலியைப் பாத்துட்டு ஒண்ணும் செய்ய முடியாத பயத்துல சொல்றாங்க, ஆனா அந்த வார்த்தை நம்மளை எவ்வளவு அறுக்கும்னு அவங்களுக்குத் தெரியாது.

ஒண்ணு விட்டுட்டேன், ஆபரேஷன் பண்ண எடத்துலேர்ந்து ஆபரேஷன் நோட்ஸும், உள்ள வச்சிருக்கற ஸ்க்ரூவோட ஸ்டிக்கரும் வாங்கி வச்சுக்கோங்க. எந்தக் கம்பெனி, என்ன சைஸ்னு தெரியலன்னா அடுத்து திறக்கற சர்ஜனுக்கு எந்த கருவி எடுத்து வைக்கணும்னே தெரியாது. வருஷம் போகப் போக இதைத் தேடறது ரொம்ப கஷ்டம்.

கேள்வி: 24 வயசு பையன் நான். ஆபரேஷன் வேணாம்னு அண்ணன் சொன்னான், நான்தான் அடம்பிடிச்சு கையெழுத்துப் போட்டேன். 2 மாசத்துல ஒரு பக்கெட் தண்ணி தூக்கிட்டேன், நடுவுல சிகரெட்டும் பிடிச்சேன். சிடில ஒட்டலன்னு வந்துருச்சு. என்னாலதான கெட்டுச்சு?

பதில்: தம்பி, உண்மையை மறைக்காம சொல்றேன், ஏன்னா பூசி மெழுகினா நீங்க நம்ப மாட்டீங்க. சிகரெட் எலும்பு ஒட்டறதைக் கெடுக்கும், அது நிஜம், நிக்கோடின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ஆனா பிடிச்ச எல்லாருக்கும் ஒட்டாம போறதும் இல்ல, பிடிக்காத எல்லாருக்கும் ஒட்டறதும் இல்ல, நான் வாழ்க்கையில ஒரு சிகரெட் பிடிச்சதில்ல, எனக்கு ஒட்டல. ஒரே ஒரு நாள் தூக்கின பக்கெட் ஒரு வருஷ வேலையைக் கலைச்சிருக்கும்னு நான் நம்பல. இன்னிக்கே சிகரெட்டை விடுங்க, தண்டனைக்காக இல்ல, ரிவிஷன்னு ஒண்ணு வந்தா அதுக்கு முன்னாடி நிக்கோடின் உடம்புல இல்லாம இருக்கறது உங்க கையில இருக்கற பெரிய விஷயம்ங்கறதால. நிக்கோடின் சூயிங்கம்ல கூட அதே நிக்கோடின்தான் இருக்கு, அதனால அதை எப்ப வரைக்கும் யூஸ் பண்ணலாம்னு டாக்டரைக் கேட்டுக்கோங்க.

கையெழுத்துப் போட்டதைப் பத்தி. நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஃப்யூஷன் பண்ணலாமா வேணாமாங்கறதுல ஆராய்ச்சி பண்றவங்களுக்கே ஒத்த கருத்து கிடையாது தம்பி. ஸ்வீடன்ல 294 பேரை வச்சுப் பண்ண ஆய்வு 2001ல வந்துச்சு, 2 வருஷம் கழிச்சு ஆபரேஷன் பண்ணவங்கள்ல 63 சதவீதம் பேர் தேவலைன்னாங்க, பண்ணாதவங்கள்ல 29 சதவீதம். பாத்தா ஆபரேஷன்தான் சரின்னு தோணும். 2003ல நார்வேல, நல்லா திட்டம் போட்ட உடற்பயிற்சியோடயும் பயத்தைப் போக்கற பயிற்சியோடயும் ஒப்பிட்டுப் பாத்தப்ப பெருசா வித்தியாசமே இல்ல. 2005ல பிரிட்டன்ல 349 பேரை வச்சுப் பாத்தாங்க, ஆபரேஷன் பக்கம் கொஞ்சூண்டு முன்னாடி நின்னுச்சு, அவ்வளவுதான். இத்தனை பெரிய ஆளுங்க பல வருஷம் உக்காந்து பாத்தும் தீராத கேள்விக்கு, வலியில துடிச்சிட்டு இருந்த ஒரு பையன், முன்னாடி உக்காந்திருந்த டாக்டர் சொன்னதை நம்பி பதில் சொல்லிருக்கான். நீங்க அடம்பிடிச்சது வலி போகணும்னுதானே, அதுல என்ன தப்பு? அண்ணன்கிட்ட ஒரு நாள் இதை வாய்விட்டுப் பேசிடுங்க, "நீ சொன்னது ஞாபகம் இருக்கு, அதைத் திருப்பிச் சொல்லாத, கூட வா"ன்னு. என் அக்காகிட்ட நான் இதைச் சொல்றதுக்கு 4 வருஷம் ஆச்சு, சொன்ன அன்னிக்கு அவ பதிலே பேசல, ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து தேதி வாரியா அடுக்கிக் குடுத்தா.

கேள்வி: நல்லா இருக்கற நாள்ல தேங்கிக் கிடந்த வேலை எல்லாத்தையும் முடிச்சிடறேன், அடுத்த 3 நாள் படுத்த படுக்கை. பிசியோதெரபின்னாலே பயமா இருக்கு. எவ்வளவு நடக்கலாம், எவ்வளவு உக்காரலாம்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க.

பதில்: யாராலயும் சொல்ல முடியாது, ஏன்னா உங்க அளவு உங்ககிட்டதான் இருக்கு, அதை நீங்கதான் அளந்து எடுக்கணும். நான் எடுத்த விதத்தைச் சொல்றேன். ஒரு வாரம், வலி ஏற ஆரம்பிக்கறதுக்கு எத்தனை நிமிஷம் நடக்க முடியுதுன்னு மட்டும் குறிச்சேன். 11, 7, 9, 8, 12 அப்படி வந்துச்சு. மோசமான நாளோட கணக்கை விட கொஞ்சம் கம்மியா, 6 நிமிஷம்னு வச்சுக்கிட்டேன். ஃபோன்ல டைமர் வச்சு 6 நிமிஷம் ஆனதும் நின்னுருவேன், நல்லா இருந்தாலும் நின்னுருவேன், அதுதான் ரொம்ப கஷ்டம், கால் இன்னும் போகலாம்ங்கும். மோசமான நாள்லயும் அந்த 6 நிமிஷத்தை நடந்துருவேன். ஒரு நாளைக்கு 3 தடவை. வாரத்துக்கு ஒரு நிமிஷம் ஏத்தினேன், சில வாரம் ஏத்தவே இல்ல. 5 மாசத்துல 20 நிமிஷம் வந்துச்சு. வலி எப்ப நிறுத்தச் சொல்லுதோ அப்ப நிறுத்தற பழக்கம் போய் கடிகாரம் சொன்னா நிறுத்தறதுன்னு ஆச்சு, அதுக்கப்புறம்தான் அந்த 3 நாள் படுக்கை நின்னுச்சு.

உக்கார்றதுக்கும் இதே கணக்குதான். உக்காரும்போது, அதுவும் முன்னாடி கூன் போட்டு உக்காரும்போது, டிஸ்க்ல விழற சுமை நிக்கறதை விட ஜாஸ்தின்னு பல பேருக்கு அனுபவத்துலயே தெரியும், அதனால வேலை செய்யற எடத்துல 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நிக்க அனுமதி கேளுங்க, காரணத்தை ஒரே வரியில எழுதிக் குடுங்க, கதை முழுசும் சொல்லத் தேவையில்ல.

சாக்ஸ் போடறதுக்கு அழுதிருக்கேன். குனிய முடியாது, காலைத் தூக்க முடியாது, 23 வயசுல அம்மா வந்து சாக்ஸ் மாட்டி விடணும். அப்புறம் கட்டில்ல மல்லாந்து படுத்து, முட்டியை நெஞ்சுப் பக்கம் மடக்கி, கணுக்காலை இன்னொரு முட்டி மேல போட்டு, காதைப் பிடிச்ச மாதிரி சாக்ஸோட ரெண்டு பக்கத்தையும் பிடிச்சு இழுத்து போட்டுப் பழகினேன். முதல் நாள் 9 நிமிஷம் ஆச்சு. அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்பவும் மறக்கல. இதை எல்லாரும் பண்ணலாமான்னு கேட்டா, ஆபரேஷன் புதுசுன்னா பிசியோவைக் கேட்டுட்டுப் பண்ணுங்க, சில மாசம் வரைக்கும் மடக்கறதுக்கே தடை இருக்கும். பிசியோ பயம் பத்தி ஒண்ணு, ஆரம்பத்துலயே "நான் முதல் வாரம் கம்மியாத்தான் பண்ணுவேன், அப்புறம் ஏத்துவேன்"னு சொல்லிடுங்க, நல்ல பிசியோ இதைக் கேட்டா சந்தோஷம்தான் படுவாங்க.

கேள்வி: நரம்பு வலிக்கு ப்ரீகேபலின், வலி மாத்திரை டிராமடால், ரெண்டும் ஒரு வருஷமா சாப்பிடறேன். மந்தமா இருக்குன்னு போன மாசம் எல்லாத்தையும் ஒரேயடியா நிறுத்திட்டேன், வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, 2 நாள் தூங்கல. இப்ப ஸ்பைனல் கார்டு ஸ்டிமுலேட்டர் வச்சுக்கலாம்ங்கறாங்க. வச்சா மாத்திரை வேணாமா?

பதில்: இனி ஒருபோதும் அப்படி நிறுத்தாதீங்க. ரெண்டுமே மெதுவா படிப்படியா குறைக்க வேண்டியது, திடீர்னு நிறுத்தினா நீங்க பட்ட பாடுதான், சிலருக்கு வலிப்பு கூட வரலாம். மந்தமா இருக்குங்கறதை டாக்டர்கிட்ட சொல்லுங்க, அது நியாயமான காரணம், குறைச்சுத் தருவாங்க, மாத்தியும் தருவாங்க. இந்த ரெண்டையும் சாப்பிடறவங்க மதுவோ தூக்க மாத்திரையோ சேத்துக்கக் கூடாது, மூச்சு அடங்கிப் போற ஆபத்து இருக்கு. மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்தா டிராமடால் குடுக்கற டாக்டருக்கு அது கட்டாயம் தெரியணும், சில மாத்திரையோட சேரவே கூடாது. அப்புறம் யாரும் பேசாத விஷயம், டிராமடால் மலச்சிக்கல் பண்ணும், முக்கினா இடுப்பு வலி ஏறும், ஏறினா இன்னொரு மாத்திரை, இந்த சுழல்ல நான் ஒரு வருஷம் மாட்டியிருந்தேன், வெக்கப்படாம முதல் நாளே அதுக்கும் சேத்து மருந்து கேளுங்க.

ஸ்டிமுலேட்டர் பத்தி. தண்டுவடத்துக்குப் பின்னாடி மெல்லிசா ஒயர் வச்சு சின்னதா மின்சாரம் குடுத்து வலி சிக்னலை மழுப்பறது, இது 1965ல மெல்சாக், வால்னு ரெண்டு வலி ஆராய்ச்சியாளர்கள் சொன்ன "கேட்" கொள்கையிலேர்ந்து, அதாவது வலி சிக்னலை உள்ள விடவோ தடுக்கவோ தண்டுவடத்துல ஒரு கதவு மாதிரி இருக்குங்கறதுலேர்ந்து, பிறந்தது, 1967லயே முதல் கருவி வச்சுட்டாங்க. 2007ல வந்த ஆய்வுல, ஆபரேஷனுக்கு அப்புறமும் கால் வலி போகாத 100 பேரை எடுத்து, 6 மாசம் கழிச்சு பாத்தாங்க, கால் வலி பாதியாவது குறைஞ்சவங்க ஸ்டிமுலேட்டர் பக்கம் 48 சதவீதம், வெறும் மருந்து பக்கம் 9. ஆனா 2022ல நார்வேல 50 பேருக்கு ஒரு வகை ஸ்டிமுலேட்டரை வச்சு, யாருக்குமே தெரியாம ஆன் பண்ணியும் ஆஃப் பண்ணியும் பாத்ததுல வித்தியாசம் தெரியல. அதனால நான் என்ன சொல்றேன்னா, உங்களுக்கு இடுப்பை விட கால்ல எரிச்சலும் ஷாக்கும்தான் ஜாஸ்தின்னா யோசிக்கலாம், இடுப்பு வலிதான் பிரதானம்னா எதிர்பார்ப்பைக் குறைச்சுக்கோங்க. நிரந்தரமா வைக்கறதுக்கு முன்னாடி சில நாள் தற்காலிக ஒயர் வச்சு டிரையல் பாப்பாங்க, அந்த நாள்கள்ல வலி எவ்வளவு குறைஞ்சுச்சுன்னு மட்டும் பாக்காம, என்ன வேலை புதுசா செய்ய முடிஞ்சுச்சுன்னு எழுதுங்க. மாத்திரை அடியோட போயிரும்னு நினைச்சு போகாதீங்க.

கேள்வி: எனக்கு 28. ஒருத்தரை விரும்பறேன், என் முதுகு பத்தி முழுசா அவருக்குத் தெரியாது. நெருக்கமா இருக்கறதை நினைச்சாலே பயம். குழந்தை பெத்துக்க முடியுமா?

பதில்: ஃப்யூஷனுக்கு அப்புறம் கர்ப்பமாகி நல்லபடியா குழந்தை பெத்தவங்க நிறைய பேர் இருக்காங்க. முன்கூட்டி செய்ய வேண்டியது ரெண்டு. நீங்க சாப்பிடற ப்ரீகேபலின், கேபாபென்டின், டுலாக்ஸெட்டின் மாதிரி மாத்திரை எதுவா இருந்தாலும் கர்ப்பத்துக்கு முயற்சி பண்றதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பாத்து மாத்தணும். இன்னொண்ணு, முதுகுல ஊசி போட்டு மரத்துப் போக வைக்கறது ஃப்யூஷன் பண்ணவங்களுக்கு கஷ்டமாகலாம், அதனால ஸ்கேனோட மயக்க மருந்து டாக்டரை சில மாசம் முன்னாடியே பாருங்க, பிரசவ அறையில வச்சு பேசற விஷயம் இல்ல அது.

நெருக்கத்துக்கு, எலும்பு நிலையா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டா அசைவே கூடாதுன்னு எதுவும் இல்ல, எந்த நிலையில முதுகு வளையாம தாங்கலா இருக்குங்கறதை ரெண்டு பேரும் சேந்துதான் கண்டுபிடிக்கணும், ஒருக்களிச்சுப் படுக்கறது பல பேருக்கு சுலபம். இதைப் படிக்கற ஆண்களுக்கும் ஒரு வார்த்தை, வயித்துப் பக்கம் திறந்து பண்ற ஃப்யூஷன்ல சிலருக்கு விந்து வெளிய வராம உள்பக்கம் போற பிரச்சனை வரலாம், பல பேர் கேக்க வெக்கப்பட்டு வருஷக்கணக்கா உள்ளயே வச்சிருக்காங்க, கேளுங்க.

அவர்கிட்ட எப்ப சொல்றது? வலி கம்மியா இருக்கற ஒரு நாள்ல சொல்லுங்க. வலி உச்சத்துல சொன்னா அது சண்டையா மாறிடும். "என்னால முடியாதது இது, முடிஞ்சது இது, திடீர்னு ஒரு ப்ளானை கேன்சல் பண்ணா அது உன்மேல கோவம் இல்ல"ன்னு சொல்லுங்க. கேட்டுட்டு விலகிப் போறவரா இருந்தா வலிக்கும்தான், நான் பட்டிருக்கேன், ஆனா மறைச்சு வச்சு ஒவ்வொரு தடவையும் பொய் காரணம் சொல்றதோட களைப்பு அதை விட பெருசு.

கேள்வி: எந்த அறிகுறி வந்தா காத்திருக்காம ஓடணும்? மெட்டல் இருக்கறதால எம்ஆர்ஐ எடுக்கலாமா?

பதில்: ஒண்ணுக்கு வராம அடைக்கறது இல்ல தெரியாமலே போறது, மலம் அடக்க முடியாம போறது, சைக்கிள் சீட்டுல படற எடம் மரத்துப் போறது, ரெண்டு காலும் திடீர்னு பலம் இழக்கறது, பாதம் தூக்க முடியாம இழுபடறது, இதுல எது வந்தாலும் ராத்திரி 2 மணியா இருந்தாலும் அவசர சிகிச்சைக்குப் போங்க, மணிக்கணக்கு முக்கியம், தாமதமானா நிரந்தரமா போயிரும். காய்ச்சலோட முதுகு வலி, தையல் போட்ட எடத்துல நீர் கசியறது, இதுக்கும் அன்னிக்கே போங்க. இப்ப வைக்கற டைட்டானியம் ஸ்க்ரூவுக்கு பெரும்பாலும் எம்ஆர்ஐ எடுக்கலாம், ஸ்க்ரூ பக்கத்துல படம் கலங்கலா வரும், எடுக்கறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

கேள்வி: எனக்கு 22. சுவர்ல பெருசு பெருசா படம் வரையறதுதான் என் உயிர். 2 ஆபரேஷன் ஆச்சு, 15 நிமிஷத்துக்கு மேல நிக்க முடியல. கூடப் படிச்சவங்க எல்லாம் எங்கயோ போயிட்டாங்க. இனி 50 வருஷம் இப்படியேதானான்னு நினைச்சா எதுக்கு இருக்கணும்னு தோணுது.

பதில்: உங்க கடிதத்தை நான் நாலு தடவை படிச்சேன்ம்மா. கடைசி வரிக்கு முதல்ல பதில் சொல்றேன். எதுக்கு இருக்கணும்னு தோணுதுன்னு எனக்கு எழுதின அதே வார்த்தையை, இதைப் படிச்ச உடனே, வீட்ல இல்ல நட்புல ஒருத்தர்கிட்ட வாய்விட்டு சொல்லுங்க, அப்புறம் உங்க டாக்டர்கிட்டயும் சொல்லுங்க, இன்னிக்கே. உங்ககிட்ட மாத்திரை ஸ்டாக் இருந்தா அதை அவங்ககிட்ட குடுத்து, அன்னன்னிக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்கோங்க. நரம்பு வலிக்குத் தர்ற சில மாத்திரையே சிலருக்கு இந்த மாதிரி எண்ணத்தைக் கொண்டு வரும், அதனால மாத்திரை மாறினதுக்கு அப்புறம் இது ஆரம்பிச்சுச்சான்னு டாக்டர் பாக்கணும். அந்த எண்ணம் கையை மீறிப் போற மாதிரி இருந்தா தனியா இருக்காதீங்க, நேரா அவசர சிகிச்சைக்குப் போங்க, முதுகுக்கு ஓடற மாதிரியே இதுக்கும் ஓடணும். இப்படித் தோணறது உங்க பலவீனம் இல்ல. வருஷக்கணக்கா தூங்காம வலி தாங்கற யாருக்கும் வரும், எனக்கும் வந்துச்சு, 26 வயசுல, அப்ப ஒரு மனநல டாக்டரைப் பாத்தேன், வலிக்குன்னே தனியா பேசற சிகிச்சை இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரியும், 12 வாரம் போனேன். வலி அப்படியேதான் இருந்துச்சு, ஆனா ராத்திரி அதோட சண்டை போடறது குறைஞ்சுச்சு, தூக்கம் வந்துச்சு.

50 வருஷம் இப்படியேவான்னு கேட்டீங்க. 2வது ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு முதல் வருஷம் இருந்ததும் இப்ப இருக்கறதும் ஒண்ணு இல்ல. வலி போகல, ஆனா அப்ப நாள்ல 10 மணி நேரம் அதைப் பத்தியே நினைச்சேன், இப்ப பல நாள் சாயங்காலம்தான் ஞாபகம் வருது. நடுவுல போன வருஷங்கள்ல கூடப் படிச்சவங்களைப் பாத்து நானும் வெந்து போனேன், அவங்க ஃபோட்டோ எதையும் பாக்காம 8 மாசம் இருந்தேன், அது தேவைப்பட்டுச்சு, யார்கிட்டயும் மன்னிப்பு கேக்க வேண்டியதில்ல.

சுவர் பத்தி. 15 நிமிஷம் நிக்க முடியுதுங்கறீங்க, அப்ப 10 நிமிஷம் நின்னு வரையுங்க, டைமர் வச்சு, நாளைக்கு ஒரு தடவை. பெரிய சுவரை விட்டுட்டு கண் மட்டத்துக்கும் நெஞ்சு மட்டத்துக்கும் நடுவுல ஒரு முழ அகலம் எடுத்துக்கோங்க, கையைத் தலைக்கு மேல தூக்கினா இடுப்பு பின்னாடி வளையும், குனிஞ்சா முன்னாடி இழுக்கும், அந்த நடு பட்டையில முதுகுக்கு நல்ல ஓய்வு. ஒரு காலை சின்ன பெட்டி மேல மாத்தி மாத்தி வச்சுக்கோங்க. பிரஷ்ஷும் கலர் டப்பாவும் இடுப்பு உயரத்துல ஒரு ஸ்டூல்ல இருக்கட்டும், தரையில வேண்டவே வேணாம். முன்னாடி மாதிரி வராது, ஆரம்பத்துல கோபம் வரும், பாதியில மணி அடிக்கறப்போ பிரஷ்ஷைக் கீழ வைக்க மனசு வராது. வச்சிடுங்க. ஒரு மாசம் கழிச்சு அந்த முழ அகலப் படத்தை, எவ்வளவு கோணலா இருந்தாலும், ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கம்மா, நான் காத்துட்டிருப்பேன்.